முதல் நாள் கஞ்சி

உமாமகேஸ்வரி பிச்சை எடுத்தாள் என்ற செய்தியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. எப்படியும் தருமபுரத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

மாசி மாதம், நோன்பு ஆரம்பித்து நான்காவது நாள். காலை ஏழரை மணி. என் வீட்டுக்காரர் மின்துறை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் கிளம்பிய பிறகு எனக்குத் தெருதான் அலுவலகம். தட்டில் நாலு இட்லி, கெட்டிச் சட்னி. இட்லி உமா கடையுடையது. என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு நடக்கிற கடை. ஒரு கையில் இட்லி, மறு கையில் கைபேசி. யாரோ அனுப்பிய வீடியோவில் உமாவின் புருஷன் முருகானந்தம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என் மனைவி ஒரு தூக்குவாளிய எடுத்துக்கிட்டுப் பள்ளிவாசல் வாசல்ல, வெயில்ல, வரிசையில நின்னு பிச்சை எடுத்தா. அதை இந்தக் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் சாராயக் கடைக்குத்தான் போனேன், சகோதரர்களே. அப்படிப்பட்ட பாவிய கர்த்தர் தூக்கி எடுத்தாரு."

அல்லேலூயா, அல்லேலூயா என்று கூட்டம் அதிர்ந்தது.

இரண்டாவது இட்லியை விழுங்குவதற்குள் பதினோரு பேருக்கு அனுப்பிவிட்டேன். நாலாவது இட்லி தீர்ந்து கை கழுவும்போதுதான் புத்தி வந்தது. பிச்சை எடுத்தவள் கடையில் நான் பன்னிரண்டு வருஷமாக எதை வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன்?

முருகானந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நெல் லாரி ஓட்டினார். பாண்டிச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த எங்கள் ஊரில் தாகம் எடுத்தால் தண்ணீருக்கு முன்னால் வேறொன்று கிடைத்துவிடும் என்பது அக்கம்பக்கத்து மாவட்டக்காரர்களுக்கே தெரியும். அதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். உள்ளூர்க்காரர் வேறு எங்கே போவார்? ஒரு நாள் லாரியோடு வாய்க்காலில் இறங்கினார். முதலாளி லாரியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் எங்கள் தெருச் சாக்கடை ஓரத்தில் அவர் விழாத இடம் இல்லை. எந்தெந்த இடம் என்று கேட்டால் நான் காட்டுவேன்.

பிறகு யாரோ அவரைக் கீழவாஞ்சூரில் இருக்கிற கரைசேர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் அதற்குக் குடிகாரர் மடம் என்று பெயர். பாஸ்டர் ஞானசிகாமணி நடத்துகிறார். அவரும் பழைய குடிகாரர்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து முருகானந்தம் முகம் தெளிந்து திரும்பி வந்தார். மூன்று வருஷமாகத் தொட்டதில்லை. நானே அவர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் இல்லை. இப்போது குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றுகிறார். நாலு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு நேராக இல்லத்துக்குப் போய்விடுவார். புதிதாகக் கொண்டுவந்து போடுகிறவர்களை அவர்தான் ஏற்றுக்கொள்வார். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மற்றதெல்லாம் இவர் கை. குளிப்பாட்டுவது, வாந்தி அள்ளுவது, நடுங்குகிறவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முதல் நாள் கஞ்சி என்று ஒன்றை இவர்தான் காய்ச்சுவார். வேறு எதுவும் தங்காத வயிற்றில் அது தங்கும். அங்கே இவருக்குக் கஞ்சி அண்ணன் என்றே பேர்.

பொய் இல்லை. நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. போலகத்துப் புகழேந்தி என்று ஒரு ஆள், இவரைவிட ஒன்றரை மடங்கு உடம்பு. அவனைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் இவர் சட்டையிலேயே துப்பினான். இவர் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினார். எனக்கே கண் கலங்கியது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, உமாவும் இப்படித்தானே ஒன்பது வருஷம் துடைத்தாள், அவளுக்கு எந்த மைக்கும் யாரும் கொடுக்கவில்லையே என்று ஒரு நினைப்பும் வந்தது. அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீடியோ வந்த அன்று ஒன்பது மணிக்கு, கடைக் கூட்டம் குறைந்ததும், தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் உமா வீட்டுக்குப் போனேன். முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். அவள் இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். காலேஜுக்குக் கிளம்பாமல் மகள் சிவப்ரியா மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சுந்தரிக்கா. பார்த்துட்டியளா?" என்றாள் உமா.

"எதை?"

"எதையா. நீங்க பாக்காம அது வெளியில போயிருக்குமா?"

சிவப்ரியா மூக்கைச் சிந்தினாள். "கிளாஸ் குரூப்ல போட்டிருக்காங்க, அத்தே. ஒருத்தி கேக்குறா, உங்க வீட்ல சாப்பாடு இருக்குதா, கொண்டு வரட்டுமான்னு."

"நல்ல புள்ளையா இருப்பா போலிருக்கு," என்றேன். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

உமா துணியை முறுக்கினாள். அந்த முறுக்கில் துணி தாங்கியது ஆச்சரியம்.

"அக்கா, குடிச்சதச் சொல்லட்டும். அடிச்சதச் சொல்லட்டும். என் தோட்டக் கழட்டிக்கிட்டுப் போனதச் சொல்லட்டும். நடந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா பிச்சைன்னு சொல்றாரே. லாரி போன அடுத்த மாசம் இந்த அடுப்பு பத்துனேன். பன்னெண்டு வருஷம். மூணரைக்கு எந்திரிக்கிறேன். இவ பொறந்தநாளுக்குக் கூட லீவு விடல. இந்தக் கையப் பாருங்க."

பார்த்தேன். மணிக்கட்டு வரை ஆவி பட்டுப் பட்டுத் தோல் வேறு நிறமாகி, மினுமினுவென்று இருந்தது.

"பிச்சை எடுத்த கையா இது?"

வாசலில் அப்போது ஒரு குரல் கேட்டது. "பிச்சையாமுல்ல, பிச்சை."

ஆஸியா பீவி வந்துகொண்டிருந்தார். பள்ளிவாசல் தெருவில் இருக்கிறவர். அறுபத்தைந்து வயது, மூட்டுவலி, நோன்பு வேறு. அந்த வெயிலில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வேகு வேகென்று நடந்து வந்திருக்கிறார். நான் அனுப்பிய பதினோரு பேரில் அவர் மருமகள் ஷஃபீனாவும் ஒருத்தி.

"உட்காருங்க பீவிம்மா," என்று உமா முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்கார வரல நானு. அந்த ஆம்புளை எங்க? நோன்புக் கஞ்சிய பிச்சைங்குறாரு. யா அல்லா. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அந்த அண்டா கொதிக்குது. ஒவ்வொருத்தரும் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு வருவாங்க. எங்காளுவளும் நிப்பாங்க, உங்காளுவளும் நிப்பாங்க. வாத்தியார் சோமசேகரன் கார்ல வந்து வாங்குறாரு. அவரு பிச்சைக்காரரா? இந்தா நிக்கிறாளே சுந்தரி, முப்பது நாளும் ரெண்டு தூக்கு கொண்டு வர்றா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு யாருக்குன்னு நான் கேட்டிருக்கேனா?"

அந்த இரண்டாவது தூக்கைப் பற்றி இங்கே விளக்கம் தேவையில்லை.

"கஞ்சி குடுக்குறது நாங்க செய்யிற தருமம் இல்ல புள்ள. வந்து வாங்கிக்கிறவங்கதான் எங்களுக்கு நன்மையக் குடுத்துட்டுப் போறாங்க. அதைப் போயி மைக்குல பிச்சைன்னு சொல்லி அழுவுறாரு. அதுக்கு அங்க ஒரு கூட்டம் கை தட்டுது."

"கை தட்டல பீவிம்மா. அல்லேலூயா சொன்னாங்க," என்றேன்.

"என்னத்தையோ சொன்னாங்கல்ல."

உமா துணிகளைக் கொடியில் போட்டாள். ஒவ்வொன்றாக, மடிப்பு இல்லாமல், ஓரம் ஓரமாக இழுத்து. போட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னாள்: "ராத்திரி வரட்டும்னு காத்திருக்க மாட்டேன். மத்தியானம் சாப்பிட வருவாருல்ல."

மத்தியானம் நானும் அங்கேதான் இருந்தேன். என் வீட்டில் குழம்பு வைக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

உமா தன் புருஷனை அழைப்பதில் ஒரு கணக்கு உண்டு. குடித்த காலத்தில் 'நீ'. திருந்தி வந்த பிறகு 'நீங்க'. அந்த 'ங்க' வந்த நாளைத் தெருவே கவனித்தது. அன்று மத்தியானம் அது காணாமல் போயிருந்தது.

முருகானந்தம் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு, வாழைக்காய்ப் பொரியல், கொடுவா மீன் குழம்பு. சாப்பிடும் முன் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் ஜெபித்தார். உமா அதுவரை பொறுத்திருந்தாள். அவள் இன்னும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அதில் சண்டை கிடையாது. எந்தச் சாமி காப்பாத்துச்சோ அது நல்லா இருக்கட்டும் என்பாள்.

"நான் எங்க பிச்சை எடுத்தேன்?"

அவர் சோற்றில் வைத்த கை நின்றது. "வீடியோ பார்த்தியா."

"ஊரே பார்த்துச்சு. நான் எங்க எடுத்தேன்? எந்த வாசல்ல?"

"பள்ளிவாசல் வாசல்ல, உமா. நான் பார்த்தேன். வைகாசி மாசம். வரிசையில நின்ன. தூக்குவாளி கையில இருந்துச்சு. மூஞ்சி வாடிப் போயி." அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது. "அந்த மூஞ்சி என் கண்ணவிட்டுப் போவல. அதான் சொல்றேன். நான் பொய் சொல்லல."

"அது நோன்புக் கஞ்சி வரிசை. அந்த வருஷம் நோன்பு வைகாசியில வந்துச்சு."

"எதுவா இருந்தா என்ன? வீட்ல சோறு இல்லாமத்தானே நின்ன."

"சோறு இல்லையா?" உமா எழுந்தே விட்டாள். "அன்னிக்குக் காலையில இருநூறு இட்லி வித்திருக்கேன். பானை நிறையச் சோறு இருந்துச்சு. நாலு நாளாக் காணாமப் போயிருந்த உன்னைய முந்தின நாள்தான் அள்ளிக்கிட்டு வந்து போட்டாங்க. தண்ணி குடுத்தா வாந்தி. இட்லிய கரைச்சுக் குடுத்தா வாந்தி. ரத்தமா எடுத்த. பீவிம்மாதான் சொன்னாங்க, பள்ளியில கஞ்சி வாங்கிக் குடு, வெந்தயமும் பூண்டும் கிடக்கும், அதுதான் நிக்கும்னு. வாங்கியாந்து கரண்டி கரண்டியா ஊத்துனேன். நின்னுச்சு. மறுநாளும் போயி நின்னேன். அதுல தெம்பு வந்து எந்திரிச்சு வெளியில போனவன், வழியில என்னையப் பார்த்திருக்க. நான் யாருக்காக நிக்கிறேன்னு தெரியல உனக்கு. பார்த்துட்டுக் கடைக்குப் போயிட்ட."

முருகானந்தம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எனக்கா?" என்றார்.

"உனக்குத்தான். நான் வாளியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா பாய் காலியாக் கெடக்கு. அன்னிக்கு அதை நானும் இவளும் குடிச்சோம்."

இது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு எனக்கே தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"அங்க முதல் நாள் கஞ்சி காய்ச்சுறியே. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு. அது யாரு சொல்லிக் குடுத்தா?"

"அது..." அவர் தரையைப் பார்த்தார். "ஜெபத்துல கர்த்தர் உணர்த்துனாருன்னு..."

"சொன்னியா? மைக்குல?"

"சொன்னேன்."

"அந்தக் கர்த்தர் அன்னிக்கு என் தூக்குவாளிக்குள்ள வந்தாருன்னு சொல்லு. ஒத்துக்கிறேன். என் வாளியப் பிடுங்கி அவருகிட்ட குடுத்துட்டு, என் கையில திருவோட்டக் குடுக்காத."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி: "உமா, அந்தச் சாட்சியக் கேட்டுட்டு நாலு பேரு வந்து சேர்ந்திருக்காங்க. புகழேந்தி பொண்டாட்டி அதைக் கேட்டுட்டுத்தான் அவனைக் கொண்டாந்துச்சு. பொண்டாட்டி பிச்சை எடுத்தான்னு சொன்னாத்தான் அந்த ஆம்புளைங்களுக்கு உறைக்குது. இட்லி வித்தான்னா உறைக்குமா? அது எல்லா வீட்லயும் நடக்குறதுதானே."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வந்தது. எல்லா வீட்டிலும் நடக்கிறதாம். குடிக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேலை செய்து வீட்டைத் தூக்கி நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதனால் அது கதையில் சேராது. அவள் கை நீட்டினால்தான் கதை. அவள் கெட்டால்தான் இவன் திருந்தியது பெரிசாகத் தெரியும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுச் சம்மதம்தானே?" என்றாள் உமா.

கரைசேர் இல்லத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். திருந்திய ஆள் யாரையும் இல்லத்துக்குப் பொறுப்பாளராக அமர்த்தும் முன், அவன் வீட்டுக்காரியைக் கூட்டத்தின் முன் நிறுத்திக் கேட்பார்கள்: இந்த மனுஷனை ஊழியத்துக்கு விட உனக்குச் சம்மதமா? அவள் சம்மதம் என்று சொன்னால்தான் சாவிக்கொத்து கைக்கு வரும். முருகானந்தம் அந்தச் சாவிக்கொத்துக்காக மூன்று வருஷமாக வாந்தி அள்ளுகிறார். தப்பாகச் சொல்லவில்லை; அவருக்கு அது உத்தியோகம் இல்லை, உயிர். இரவும் பகலும் அங்கே இருந்து, வருகிறவனையெல்லாம் கரையேற்ற வேண்டும் என்று துடிக்கிறார்.

"ஆமா, ஞாயித்துக்கிழமை."

"அதே இடத்துல, அதே மைக்குல, பிச்சை எடுக்கலன்னு சொல்லு. சொன்னா நான் சம்மதம் சொல்றேன். இல்லேன்னா அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு மாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவேன்."

அவர் சாப்பிடாமல் எழுந்தார். உமா அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். ராத்திரி அவர் வந்து அதையே தின்றார் என்று சிவப்ரியா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் பஸ் ஏறினோம். உமா, நான், ஆஸியா பீவி. "நோன்பு வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு அலையுறிய?" என்றால், "எங்க பள்ளி பேரு இதுல இருக்குல்ல, நான் காதால கேக்கணும்," என்றார். சிவப்ரியா வரவில்லை. மறுநாள் கடைக்கு உளுந்து ஊறப்போட ஆள் வேண்டுமே.

கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு பக்கமும் மதுக்கடை விளக்குகள் காலை பத்து மணிக்கே எரிந்துகொண்டிருந்தன. இரண்டு கடைக்கு நடுவில் இல்லத்தின் பந்தல். சரியான இடத்தில்தான் வலை விரித்திருக்கிறார் பாஸ்டர் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோர் காலரிலும் கரி படிந்திருந்தது. ஆஸியா பீவி கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். ஒரு அம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். "நோன்பும்மா," என்றதும் அவள் பதறிக்கொண்டு போய், காற்றாவது வரட்டும் என்று ஒரு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவள்தான் பாஸ்டர் வீட்டம்மா என்று பிறகு தெரிந்தது. பந்தலுக்குப் பின்னால் அண்டாவில் ஐம்பது பேருக்கு அவள்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஞானசிகாமணி நல்ல கனத்த குரல்காரர். "நம்ம கஞ்சி அண்ணன் சாட்சி சொல்லப் போறாரு. அதுக்கப்புறம் சிஸ்டர் உமா வீட்டுச் சம்மதம் குடுப்பாங்க," என்றார். ஒரு பெண் கைபேசியைக் கம்பத்தில் மாட்டிப் பதிவை ஆரம்பித்தாள்.

முருகானந்தம் மைக்கைப் பிடித்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. லாரி, வாய்க்கால், சாக்கடை என்று பழகிய தடத்தில் ஓடினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூட்டம் ஆமென் சொன்னது. உமா என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை தன் புடவைத் தலைப்பை இட்லித் துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வைகாசி மாசம்," என்றார் முருகானந்தம். "பள்ளிவாசல் வாசல்ல என் மனைவி தூக்குவாளியோட..."

நிறுத்தினார்.

கூட்டம் காத்திருந்தது. அடுத்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்; தொண்டையில் அல்லேலூயாவைத் தயாராக வைத்திருந்தார்கள். பாஸ்டர், மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து, மெதுவாக எடுத்துக் கொடுத்தார்: "சொல்லுங்க பிரதர். சிஸ்டர் கையேந்தி நின்னதச் சொல்லுங்க."

முருகானந்தம் கண்ணைத் திறந்தார். சாட்சி சொல்லும்போது அவர் கண் திறந்து நான் பார்த்ததில்லை.

"கையேந்தல," என்றார். "பிச்சை எடுத்தான்னு இத்தனை நாளாச் சொன்னேன். எடுக்கல. அவ இட்லி வித்தா."

இட்லிக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

அவருக்கு வேர்த்தது. இப்படி ஒரு மௌனத்தில் அவர் பேசிப் பழக்கமில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறிச் சொன்னார். மூணரைக்கு எந்திரிப்பா. உளுந்து தனியா, அரிசி தனியா அரைப்பா. கரண்டு போனா ஆட்டுக்கல்லுல. சாம்பாருக்குப் பூசணிக்காய் வெட்டுறப்ப விரல வெட்டிக்கிட்டா, துணியச் சுத்திக்கிட்டு அன்னிக்கும் வித்தா. மகளப் படிக்க வச்சா. வீட்ல சோறு இல்லாத நாளே இல்ல. அந்த வரிசையில அவ நின்னது எனக்காக. என் வயித்துல எதுவும் நிக்கலன்னு. இங்க நான் காய்ச்சுற முதல் நாள் கஞ்சி, கர்த்தர் எனக்கு உணர்த்துனாருன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடியே அவ எனக்கு ஊட்டியிருக்கா. எனக்கு ஞாபகம் இல்ல. நாக்குக்கு ஞாபகம் இருந்திருக்கு.

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதிவு செய்துகொண்டிருந்த பெண், சாட்சி முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் அறிவிப்பு என்று நினைத்தாளோ என்னவோ, 'இட்லி வித்தா' என்ற இடத்திலேயே கைபேசியைக் கம்பத்திலிருந்து கழற்றிவிட்டாள். புகழேந்தி மட்டும், கை இன்னும் நடுங்குகிறவன், தலையைக் குனிந்து தன் பக்கத்தில் இருந்த மனைவியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பந்தலுக்குப் பின்னாலிருந்து, அண்டாப் பக்கமிருந்து, கரண்டியும் கையுமாக ஒரு குரல் வந்தது. "ஆமென்."

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டம்மாதான். அவள் அவரைப் பார்க்கவில்லை, சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மெல்ல உமா பக்கம் திரும்பினார். குரலில் அந்தக் கனம் இல்லை.

"சிஸ்டர் உமா. உங்களுக்குச் சம்மதமா?"

உமா எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை, கடை வாசலில் நின்று கூப்பிடுகிற குரலே அவளுக்குப் போதும்.

"பன்னெண்டு வருஷத்த ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாரு. பரவால்ல, சொன்னாரே. அனுப்புறேன். ஆனா முழுசா அனுப்ப மாட்டேன். காலையில நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் இவரு எனக்கு மாவு தள்ளணும், தட்டு கழுவணும், சாம்பார் வாளி தூக்கணும். ஏழுக்கப்புறம் உங்களுக்கு. எச்சில் துடைக்கக் கத்துக்கிட்டாருல்ல, அதை வீட்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

"இல்லத்துப் பொறுப்பாளர் ராத்திரி இங்க தங்கணும் சிஸ்டர்," என்றார் பாஸ்டர்.

"தங்கட்டும். மூணரைக்கு எந்திரிச்சு வண்டியக் கிளப்பிக்கிட்டு வரட்டும். அந்த நேரத்துக்கு எந்திரிச்சா ஆளு செத்துட மாட்டாங்க. நான் உசிரோடதானே இருக்கேன்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. பாஸ்டர் சாவிக்கொத்தை எடுத்து முருகானந்தத்தின் கையில் வைத்தார். வைத்தபோது, "காலையில உங்க வீட்ல இருந்துட்டு வாங்க பிரதர்," என்று சொன்னது முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. நான் அதற்குள் முதல் வரிசைக்குப் போயிருந்தேன்.

"இப்பதான் நோன்பு நோன்பா இருக்கு," என்றார் ஆஸியா பீவி, எழுந்து மூட்டைப் பிடித்துக்கொண்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் உமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆள் மட்டும் மாறியிருந்தது.

"சுந்தரிக்கா. இன்னிக்குச் சொன்னத யாராவது வீடியோ எடுத்தாங்களா?"

"பாதியிலேயே கழட்டிட்டா உமா. அந்தப் பொண்ணுக்குத் தெரியல."

"நீங்க?"

நான் எடுக்கவில்லை. எதற்கும் முந்திக்கொண்டு கைபேசியைத் தூக்குகிறவள், அன்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"முன்னாடி வந்தத எத்தனை பேருக்கு அனுப்புனீங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆஸியா பீவி பக்கத்தில் இருந்தார். நோன்பு.

"பதினோரு பேருக்கு."

"பதினோரு வீட்டுக்கும் நடந்து போயி, இன்னிக்கு அவரு சொன்னதச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேண்டாம். வாசல்ல நின்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். மாசி வெயில் பங்குனி வெயிலாகிக்கொண்டிருந்தது. வாத்தியார் சோமசேகரன் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியா, ஆனாலும் பாவம்தான் அந்தப் பொண்ணு," என்றார்கள். எங்கே பாவம் என்று கேட்டேன். அடுத்த வீட்டில், "இட்லி வித்தது எங்களுக்குத் தெரியுமே, இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்கள். தெரிந்தவர்கள் வீடியோ வந்த அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை? அதையும் கேட்டேன். இன்னொரு வீட்டில், "வீடியோ இருக்கா?" என்றார்கள். இல்லை, வாயால்தான் என்றதும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு பொய்யை உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டாவது இட்லிக்குள் அனுப்பிவிட முடிந்தது. உண்மைக்குச் செருப்புத் தேய்ந்தது.

நாலாம் நாள் காலை இட்லி வாங்கப் போனேன். முருகானந்தம் பனியனோடு உட்கார்ந்து சாம்பார் வாளி கழுவிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, தூக்கம்தான், வேறொன்றும் இல்லை, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டேன்.

"அந்தக் கைப்பிடி ஓரம் பிசுக்கு இருக்குங்க," என்றாள் உமா அவரிடம். 'ங்க' திரும்பி வந்திருந்தது. எனக்குத்தான் இன்னும் மன்னிப்பு வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் என்னிடம், உளுந்தை அளந்துகொண்டே.

"ஒம்பது வீடு ஆச்சு உமா. மிச்சம் ரெண்டும் வெளியூரு. ஒண்ணு துபாய்ல ஷஃபீனாவோட அண்ணன் ஃபயாஸ். ஒண்ணு எங்க நாத்தனார், பாண்டிச்சேரியில."

"ஃபயாஸ் தம்பி பெருநாளைக்கு வரும். அப்பச் சொல்லுங்க." படியைத் தட்டினாள். "பாண்டிச்சேரிக்குத்தான் பஸ் போவுதுல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தும் பார்த்தேன். அவள் வாழையிலையை வாட்டி எட்டு இட்லியைப் பொட்டலம் கட்டி, சட்னியைத் தனியாகக் கட்டி, பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இதை உங்க நாத்தனாருக்குக் குடுங்க. தின்னுகிட்டே கேக்கட்டும்."